அவன் கவுனும் என் கவுனும்

தார்ன்விக்,
ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரையனிக்கு அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, இருப்பதெல்லாம் கோபம்தான். நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஓட்டிஸும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பூமியின் தென்கோடியில், உங்கள் டனிடினில், இப்போது குளிர்காலம் ஆரம்பித்திருக்கும், பையனைக் காதை மூடிப் பள்ளிக்கூடம் அனுப்பு, போன வருடம் அவன் பட்ட பாடு போதும். அம்மாவின் முழங்கால் தேவலை, படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். இதையெல்லாம் போன வாரமே போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நீ எடுத்த எடுப்பிலேயே, "ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமேப்பா, எதுக்கு ஊரையே பகைச்சுக்கிட்டீங்க" என்று கேட்டுவிட்டாய். எனக்குச் சுருக்கென்றது, அடுப்பில் கெட்டில் கொதிக்கிறது என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கெட்டிலை யாரும் அடுப்பில் வைக்கவே இல்லை. நீ யார் யாரோ எழுதியதைப் படித்துவிட்டுப் பேசினாய், நடந்ததை நான் எழுதுகிறேன், படித்துவிட்டு அப்புறம் என்னைக் கேள்.

பிப்ரவரியில் ஒருநாள் நம் மீன்கடைக்கு ஃபாரோ வந்தார், உன் பழைய பள்ளிக்கூடத்துக்கு இப்போது அவர்தான் தலைமை ஆசிரியர், சின்ன வயது, நல்லவர், முதுகெலும்புதான் இல்லை. புத்தக வாரத்துக்குப் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வருவார்கள், நீங்களும் உங்கள் மிஸஸ் கிராபாட்டம் வேஷத்தில் வந்து சின்ன வகுப்புக்கு ஒரு கதை படிக்க முடியுமா என்று கேட்டார். எனக்குச் சந்தோஷம். நீ கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சிரிப்பு நாடகத்திலும் டவுன் ஹால் மேடையில் பெண் வேஷம் கட்டி, கவுனும் கொண்டையும் மாட்டிக்கொண்டு குதித்தவனுக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கதை படிப்பது என்ன பெரிய வேலை. அதோடு விட்டாரா, ஐலீன் மகன் டேமனும் வருவானா என்று கேட்டார். டேமனை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் நாடகத்துத் துணிப் பசுமாட்டுக்குள் நீ முன்கால், அவன் பின்கால். இப்போது அவன் மான்செஸ்டரில் ராத்திரி கிளப்புகளில் பெண் வேஷம் கட்டி ஆடிப் பாடிப் பிழைக்கிறான், பகலில் நூலகங்களுக்குப் போய்க் குழந்தைகளுக்குக் கதையும் படிக்கிறான், இரண்டுக்கும் உடையும் வேறு, பேச்சும் வேறு, அது தெரியாதவன் இல்லை அவன். திங்கள்கிழமை நான், வியாழக்கிழமை அவன் என்று முடிவாயிற்று. பெற்றவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள், பிடிக்காதவர்கள் பிள்ளையை வேறு வகுப்பில் உட்கார வைக்கட்டும் என்று நான் ஃபாரோவிடம் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஹாடக் மீன் வாங்கிக்கொண்டு போனார். போனவர் ஒருவருக்கும் தெரிவிக்கவில்லை.

பிறகு எப்படியோ விஷயம் வெளியே வந்தது. இணையத்தில் இருக்கும் ஊர்க் குழுவில் யாரோ டேமனின் கிளப் படம் ஒன்றை எடுத்துப் பள்ளிக்கூட வாசல் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிப் போட்டுவிட்டார்கள். அதற்குக் கீழே எழுதியதையெல்லாம் நான் இங்கே எழுத மாட்டேன், என் கை கூசுகிறது. எழுதியவர்களில் பாதிப் பேர் இந்தக் கடையில் வெள்ளிக்கிழமை தோறும் மீன் வாங்குகிறவர்கள். அடுத்த நாள் ஷட்டரைத் திறக்கப் போனால் அதிலும் சிவப்பில் எழுதியிருந்தது, அம்மாவும் நானும் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தெருவில் போனவர்கள் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போனார்கள். அந்த வாரமே எங்கிருந்தோ வேனில் ஒரு கூட்டம் ஒலிபெருக்கியோடு வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றது. ஒருவருக்குக்கூட இந்த ஊர் எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரிந்திருக்காது. அவர்களை எதிர்க்கிறோம் என்று இன்னொரு கூட்டம் கொடியும் மேளமுமாக எதிரே வந்து நின்றது. அதில் ஒரு பெண், என்னை முன்பின் பார்த்தறியாதவள், கடைக்குள் வந்து என் ஏப்ரனில் ஒரு பேட்ஜைக் குத்திவிட்டு, நீங்கள் எங்கள் அடையாளம் என்றாள். அடையாளமாவது ஒன்றாவது, நான் மீன் விற்கிறவன் அம்மா என்று கழற்றிக் கையில் கொடுத்தேன். இந்த இரண்டு கூச்சலுக்கும் நடுவில் ஆறு வயதுப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டு போனதைப் பார்த்தேன் பிரையனி. பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் வந்தோம் என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள்.

எதிர்த்தவர்கள் எல்லாரையும் ஒரே தராசில் வைக்காதே என்று அம்மா சொல்கிறாள், அதுவும் நியாயம்தான். பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் லீயான் என்று ஒரு பெண், அவள் மகள் மெய்சி அந்தச் சின்ன வகுப்பில்தான் படிக்கிறாள். அவள் நேரே கடைக்கு வந்து என் முகத்துக்கு முன்னால் கேட்டாள். "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல நெவில், ஆனா எம் பிள்ளைக்கு யாரு என்ன படிக்கிறாங்கன்னு எனக்கு மொதல்ல சொல்லணுமா இல்லையா? ஊரெல்லாம் தெரிஞ்சப்புறம் பெத்தவளுக்குத் தெரியணுமா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஃபாரோ ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் அவள் தன் மனசுக்குப் பட்டதைச் செய்திருப்பாள், இவ்வளவு தூரம் வந்திருக்காது. சொன்னால் சண்டை வரும் என்று பயந்து சொல்லாமல் விட்டாராம். இப்போது வந்தது என்ன, சமாதானமா?

அப்புறம்தான் நீ கேட்ட அந்த ஒரு வார்த்தை. பள்ளி நிர்வாகக் குழு கூட்டம் போட்டது. தலைவி கிளெனிஸ், நம் கிறிஸ்துமஸ் நாடகக் கமிட்டிக்கும் அவள்தானே தலைவி. கூட்டத்துக்கு முன்னால் என்னைத் தனியாகச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு டீயைக் கையில் கொடுத்து, "நெவில், உங்கமேல யாருக்கும் கோபம் இல்ல. நீங்க எழுந்திரிச்சு, நான் செய்யறது நம்ம பழைய நாடக வழக்கம், அந்தப் பையன் செய்யறதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. திங்கக்கிழமை நீங்க படிக்கலாம், அவனை மட்டும் விட்டுடுவோம், எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போவாங்க" என்றாள். எவ்வளவு இனிமையாகச் சொன்னாள் தெரியுமா, பிஸ்கட்டும் கொடுத்தாள். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் யோசித்தேன். கடை இருக்கிறது, அம்மா இருக்கிறாள், வியாபாரம் அந்த வாரம் பாதிக்குப் பாதி விழுந்துவிட்டது.

உள்ளே போனால் ஹால் நிறைய ஆள். நடு வரிசையில் ஐலீன் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி, சுவர் ஓரமாக ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்களே தவிர ஒருவரும் அவள் பக்கத்தில் போய் உட்காரவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் மகனோடு எனக்குச் சம்பந்தமே இல்லை, அதாவது அவன் ஆபத்தானவன் என்று நான் எழுந்து சொல்ல வேண்டும், அதுவும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நீ போனில் சொன்னபோது சின்ன வார்த்தை மாதிரித்தான் இருந்தது. அங்கே நின்று சொல்லிப் பார்.

நான் எழுந்து, "அவன் கவுனுக்கும் என் கவுனுக்கும் என்னங்க வித்தியாசம்? அவன் கவுன் என்னதைவிட நீளம், தையலும் நல்லா இருக்கும். உங்க பிள்ளைங்க மேல வருஷா வருஷம் மிட்டாய் எறிஞ்சேன், அவங்கள என் மடியில தூக்கி வச்சுப் படம் எடுத்தீங்க. அவன் ஆபத்துன்னா நானும் ஆபத்துதான். அப்ப ஏன் ஒருத்தரும் வேன் பிடிச்சு வரல?" என்றேன். சிலர் சிரித்தார்கள், சிலர் ஊளையிட்டார்கள். கிளெனிஸ், "அது வேற நெவில், அது பாரம்பரியம்" என்றாள். அப்போது பின்னாலிருந்து ஒருவன் கத்தினான், "நீ கல்யாணம் கட்டினவன்யா, பொண்டாட்டி பிள்ளை இருக்கு. அவன் அப்படியா?" என்று. டேமன் பெண்ணைக் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவ்வளவுதான் விஷயம். உடையும் இல்லை, கதையும் இல்லை, இத்தனை நாள் பேசினதெல்லாம் இதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பேசினது. கத்தினவனை யாராவது அடக்குவார்கள் என்று பார்த்தேன், கிளெனிஸ் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஃபாரோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். லீயான்தான் எழுந்தாள். "நான் கேட்டது எனக்கு ஏன் சொல்லலைன்னு. இதுக்காக நான் வரல. என் பேரை இதுல சேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடென்று வெளியே போய்விட்டாள். நான் போய் ஐலீன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னொரு பக்கத்தில் அம்மா உட்கார்ந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். ஐலீன் மடியில் இருந்த கைப்பையைக் கீழே வைத்தாள்.

முடிவு என்ன ஆயிற்று என்றால், இரண்டு பேரும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். புத்தக வாரத்தில் பிள்ளைகளுக்கு வீடியோ போட்டுக் காட்டினார்களாம், புத்தக வாரத்தில் வீடியோ! அந்தச் சனிக்கிழமை லீயான் மெய்சியோடு கடைக்கு வந்து, அப்படி என்னதான் கதை, எனக்குப் படிங்க பார்ப்போம் என்றாள். ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக மீன் மேசைக்குப் பின்னால் நின்று முழுதாகப் படித்தேன். பல் துலக்காத ஓநாய் கதை, கிராபாட்டம் குரலில். மெய்சி ஐஸ் மேலேயே சாய்ந்து கேட்டாள். லீயான் கடைசியில், "கதை ரொம்ப நீளம். வேஷத்தோட வந்திருந்தா அனுப்பியிருப்பேனா தெரியல, யோசிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் காட் மீன் வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு அவள் மேல் மரியாதைதான். யோசிக்க அவளுக்கு உரிமை இருக்கிறது, அதைத்தானே முதலிலிருந்து கேட்டாள்.

இதற்கு மேலும் ஒன்று, இதை அம்மா போனில் உனக்குச் சொல்லவில்லை. இந்த வருடக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நான் இல்லை. சூடு தணியட்டும், ஒரு வருஷம் ஓய்வு எடுங்கள் என்று கிளெனிஸ் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டாள். எனக்குப் பதிலாகப் பெண் வேஷம் கட்டப் போவது யார் தெரியுமா, அவள் புருஷன் கிளைவ்! வீடு விற்றுக் கொடுக்கும் தரகன், மேடையில் இடது கால் எது வலது கால் எது என்று தெரியாதவன். அவனுக்கு அந்த நடையைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம், அம்மா இத்தனை வருடம் ராத்திரி பகலாகத் தைத்த கவுன்களையும் கொடுத்துதவ வேண்டுமாம். என்ன துணிச்சல் பார். அம்மா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், நான் வாயைத் திறக்கும் முன்பே, "தாராளமா எடுத்துக்கங்க, டேமன் போட்டு ஆடறதா இருந்தா இன்னைக்கே இஸ்திரி போட்டுத் தரேன்" என்றாள். கிளெனிஸ் வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். கவுன்கள் மாடி அலமாரியில்தான் இருக்கின்றன.

மேடை போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். வருத்தம்தான். கடை மட்டும் மெதுவாகத் திரும்புகிறது, அதைப் பற்றிக் கவலைப்படாதே, பணம் அனுப்புகிறேன் என்றெல்லாம் ஆரம்பிக்காதே. ஓட்டிஸுக்குத் தூங்கும் முன் தினமும் கதை படி, வேலை அசதி என்று பாதியில் மூடாதே, ஓநாய் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தாமல் நன்றாக உறுமு, பிள்ளை பயந்தால் பயப்படட்டும், பக்கத்தில்தானே இருக்கிறாய். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. மூன்று பேரும் ஒரு நோயும் அண்டாமல் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும், அம்மாவும் நானும் தினமும் நினைப்பது அதைத்தான்.

மறக்காமல் டேமனைக் கூப்பிட்டுப் பேசு. பழைய எண்ணை மாற்றிவிட்டான், புது எண்ணைக் கவரின் உள்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், வேறு யாருக்கும் கொடுக்காதே. தெரியாத எண் வந்தால் இப்போதெல்லாம் அவன் எடுப்பதில்லை. முதலில் நீ இன்னார் என்று எழுதி அனுப்பு, அப்புறம் கூப்பிடு.

இன்னும் கோபம் ஆறாத, ஆனாலும் உன் மேல் ஒரு துளியும் கோபமில்லாத,
அப்பா
நெவில் ஆக்ராய்ட்