புதன்கிழமை பேசியது நான் இல்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் இருமல் பாதி குறைந்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது, கடைசிவரை பொறுமையாகப் படி, நடுவில் போனை எடுக்காதே.

ஆஸ்பத்திரி விசாரணைப் பிரிவில் பத்தொன்பது வருஷம் போன் எடுத்தவள் நான். போன வருஷம் ஒரு புதுக் கம்பெனி அந்த வேலையை எடுத்துக்கொண்டு, இனிமேல் கம்ப்யூட்டரே பதில் சொல்லும், அதற்கு உங்கள் குரல்தான் வேண்டும் என்றபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் மூன்று வாரம் உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள், அப்புறம் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டுப் பேர் பார்த்த வேலையை இப்போது என் குரல் ஒன்றே பார்க்கிறது. அதற்குக் களைப்பில்லை, எரிச்சலில்லை, தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போவதில்லை. முழங்கால் வலியாவது குறையும் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், இனிமேல் சொல்வதுதான் தெரியாதது. ஒரு மதியம் கடைக்குக் கிளம்பியவள் பையை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தேன். சாவியை எடுக்கும்போது உள்ளே அப்பா சிரிப்பது கேட்டது. அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று, யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த நொடி, "மாத்திரை போட்டீங்களா? சும்மா தலையாட்டாதீங்க" என்று என் குரல் கேட்டது. வெளியே சாவியோடு நிற்பவள் நான், உள்ளே பேசுகிறவளும் நான். அந்த வாக்கியத்தை நான் அந்த அறையில் பதிவு செய்யவில்லை, அது வீட்டில் அவரிடம் மட்டும் சொல்வது.

கதவைத் திறந்தால், போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் விழிக்கிறார். இருமலுக்கு டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாராம், பேச்சு வளர்ந்ததாம், அதிலிருந்து நான் வெளியே போகும்போதெல்லாம் பேசுகிறாராம். கல்லுப்பிள்ளையார் மாதிரி நான் இங்கே இருக்கும்போது அது எதற்கு என்றேன். "அது குறுக்கே பேசாது" என்றார். முப்பத்து நான்கு வருஷக் குடித்தனத்துக்கு இப்படி ஒரு சான்றிதழ். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன், அங்கேதான் தப்புச் செய்தேன். அதற்கடுத்த ஞாயிறுதான் நீ சொன்னாய், "புதன்கிழமை நீ பேசினதுக்கப்புறம் ரொம்ப நேரம் அழுதேம்மா, ஆறு வருஷமா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன்" என்று. நான் புதன்கிழமை உன்னோடு பேசவில்லை. எந்தப் புதன்கிழமையும் பேசியதில்லை.

அப்பாவைக் கேட்டேன். ஆராய்ச்சிக்கூடத்தில் உனக்கு முதல் வேலை கிடைத்து வந்த கடிதத்தை நான் பதினோரு நாள் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தது, சேர வேண்டிய தேதி தாண்டிப் போனது, நீ கண்டுபிடித்த பிறகும் உன் நல்லதுக்குத்தான் என்று நான் சாதித்தது, எல்லாவற்றையும் அதனிடம் கொட்டியிருக்கிறார். "நீ மன்னிப்பு கேட்க மாட்டே, அதான் அதுகிட்ட அவ நம்பரைக் குடுத்தேன்" என்றார். அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். உன் பேச்சில் பழைய ஒட்டுதல் திரும்பி வந்ததைக் கேட்டதும் எனக்கு நாக்கு எழவில்லை. நான்கு ஞாயிறு, நான் சொல்லாத சொல்லுக்கு உன் பாசத்தை வாங்கிக்கொண்டேன். கம்பெனிக்குப் போய், என்னைப் பதிவு செய்த பெண்ணைப் பார்த்தேன். அதிலிருந்து உன் நம்பரை நீக்கிவிட்டாள். அது இப்படியெல்லாம் பேச எங்கே கற்றது என்றால், பேசுகிறவர்களிடமிருந்து தானாகக் கற்கிறது, அடுத்து என்ன சொல்லும் என்று எங்களுக்கே தெரியாது, அதுதான் இதில் புதுமை என்கிறாள். இன்னொன்றும் இருக்கிறது. பதிவின்போது 'மன்னிச்சிடுங்க' என்பதை மட்டும் நாற்பது தடவை சொல்லவைத்தாள், மனசிலிருந்து வரவில்லையாம். யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். உன்னை நினைத்தேன், குரல் உடைந்தது. அதைத்தான் வைத்துக்கொண்டார்கள். டாக்டர் வரத் தாமதம் என்று ஊருக்கெல்லாம் அதைத்தான் வினியோகிக்கிறார்கள்.

இன்றைக்குப் புதன்கிழமை, காலை பதினோரு மணிக்கு வீட்டுப் போன் அடித்தது. எடுத்தேன், என் குரல். நான் பேசவில்லை. அதுவும் பேசாமல் காத்திருந்தது, நான் காத்திருக்கும்போது மூச்சை இழுப்பேனே, அதேபோல் இழுத்துக்கொண்டு. பிறகு, "பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிட்டீங்களா?" என்றது. உன்னிடம் சொல்லவில்லை என்பது அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அவரிடம் சொல்லிவிட்டதாகத்தான் பொய் சொல்லியிருந்தேன். போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள்தான், எழுதுகிறேன். அந்தக் கடிதத்தை ஒளித்தது உன் நல்லதுக்கு இல்லை. நீ போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் என்ற பயம். நான் செய்தது தப்பு, என்னை மன்னித்துவிடு. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், அது எனக்குச் சேர வேண்டிய கோபம், வேறு யாரிடமும் காட்டிவிடாதே.

நீயும் உன் குடும்பமும் நூறு வருஷம் குறைவில்லாமல் வாழ வேண்டும். குட்டிக்கு என் முத்தம், குளிரில் காதை மூடாமல் வெளியே அனுப்பாதே. பதிலைக் கையால் எழுதித் தபாலில் போடு. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது: நேற்று நீ அரைமணி நேரம் பேசினாய் என்று அப்பா சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது நீதானா?

உன்னைப் பெற்றவள்,
அம்மா