பொதுப் பாத்தியில் குடைமிளகாய்

வெள்ளிமலை,
12.11.2024

செவ்வந்திக்கு,

என் பேத்திக்கு வரன் அமையாத பொறாமையில், உன் குடைமிளகாயை ஒட்டி வேண்டுமென்றே காரமிளகாய் நட்டு, உன் மகளின் நிச்சயதார்த்தச் சாப்பாட்டை நான் கெடுத்துவிட்டேனாம். தண்ணீர்க் குழாயடி முழுக்க இதே பேச்சு. பச்சைப் பொய்.

பக்கத்தில் காரமிளகாய் இருப்பதால் இந்த வருஷக் காய் காரமாகாது. தேனீ மகரந்தத்தை மாற்றினால் உள்ளே இருக்கும் விதைதான் மாறும். அந்த விதையை நட்டால்தான் அடுத்த வருஷம் காரம் தெரியும். கன்னியர் பள்ளியில் தாவரவியல் படித்தவள் சொல்கிறேன். வருஷா வருஷம் புது பாக்கெட் விதை வாங்கு என்று சொன்னேனே, வாங்கினாயா?

ஞாயிற்றுக்கிழமை நம் பொதுக் கொல்லைக்கு நடுவே வேலி போடுகிறாயாம். தேனீ வேலியைத் தாண்டும். எழுபத்தொரு வயதில் நான்தான் தாண்ட முடியாது.

உபகாரமேரி செபாஸ்தியான்


14.11.2024

மேரியக்காவுக்கு செவ்வந்தி கும்புட்டு எழுதறது.

பாக்கெட்டு வாங்கலக்கா. போன வருஷம் நான் காச்சல்ல படுத்துக்கினு இருந்தப்ப நீங்கதான எஞ்செடிக்கும் தண்ணி ஊத்துனீங்க? அதுல பழுத்த செவப்புப் பழத்துல வெதை எடுத்தேன். நீங்க காப்பாத்துன செடி, தூக்கிப்போட மனசு வரல.

பொறாமைன்னு நான் சொல்லல. சின்னசேலத்து சம்மந்தியம்மாதான் தண்ணியக் குடிச்சிக்கினே சொன்னாங்க. நான் சும்மா இருந்துட்டேன். வேலி போடற காசிநாதன் கம்பத்த எறக்கிட்டான். இப்ப வேணான்னா ஊரு இன்னா சொல்லும்? ரெண்டு காய் வெச்சிருக்கேன், சாப்ட்டுப் பாருங்க.

செவ்வந்தி


15.11.2024

அன்புள்ள செவ்வந்திக்கு,

சம்பந்தியம்மாள் என்னை அறியாதவள், பேசிவிட்டுப் போகட்டும். இருபது வருஷமாக என்னோடு ஒரே வாளியில் தண்ணீர் எடுக்கிற நீ எப்படிச் சும்மா இருந்தாய்? அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவளுக்கு நீயே போன் போட்டு நடந்ததைச் சொல். குழாயடியிலும் சொல், எல்லோரும் இருக்கும்போது.

உன் காயில் பஜ்ஜி போட்டேன். கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் இரண்டையும் தின்றுவிட்டேன், அவ்வளவு ருசி. அதற்கும் சேர்த்து எனக்கு ஆத்திரம். செடியைப் பிடுங்காதே.

ஊர் என்ன சொல்லும் என்கிறாய். தக்காளிக்கு முட்டுக் கொடுக்க வாங்கிய கம்பம் என்று சொல். அதற்குத் தோதான உயரம்தான், ஜன்னல் வழியே பார்த்தேன்.

வாயால் சரி என்பாய், காசிநாதன் வந்து நின்றால் மாற்றிவிடுவாய். ஆகவே சனிக்கிழமை மாலைக்குள், வேலி உண்டா இல்லையா என்று உன் கையால் எழுதி அனுப்பு.

மேரியக்கா