தெரிந்து வைத்த கையெழுத்து

இன்று காலை அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசத்தோடு உன் கறுப்புக் கோட் முன்னால் தொங்கியது. வெயிலில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். காணி, வீட்டுப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு வேலைக்கு யார் கூப்பிட்டாலும் போவாய்; மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவது உன் கணவன் நான்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போன பகல் நினைவுக்கு வந்தது. மருதமுனைப் பெரியவர் ஒருவர் பாதி மயக்கத்தில் கிடந்தார். வீட்டு வளவைத் தன் பெயருக்கு எழுத மகன் உன்னைக் கூப்பிட்டிருந்தான். நீ குனிந்து, "வாப்பா, நான் என்ன எழுத வந்திருக்கன் எண்டு தெரியுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

"கைநாட்டுப் போதும் மிஸ். கைய நான் புடிச்சித் தாறன்" என்றான் மகன்.

"அவர் தெரிஞ்சு கைநாட்டு வெச்சாரெண்டு உறுதியில நான் எழுதணும் தம்பி. நினைவில்லாத மனுசனுக்கு அத எப்பிடி எழுதுற?"

பேனையை மூடிவிட்டு வெளியே வந்தாய். வாசலில் நின்ற அவர் மகள் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நம் ஊர்ப்பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பதுதானே வழக்கம்.

பெரியவர் பிழைத்தார். சில மாதம் கழித்துத் தானே நம் வீட்டுக்கு நடந்து வந்தார். நீ எழுதிய உறுதிப் பத்திரத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சாட்சிகளுக்கு முன்னால் கையெழுத்து வைத்தார். வீட்டை மகனுக்கே கொடுத்தார்.

பின்னேரம் மகள் வந்தாள். "அண்டைக்கு மறிச்ச நீங்களே இண்டைக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. இது நியாயமா?"

"நியாயமில்லத்தான் மகள். வாப்பாட்டயும் சொல்லிப் பாத்தன். அவர் தெரிஞ்சுதான் வெச்சார். அதுக்கு மேல என்ட கையில ஒண்டுமில்ல."

அவள் போனபின் நீ சோற்றைத் தொடவில்லை.

அந்த உறுதி செல்லாது என்று அவள் வழக்குப் போட்டாள். நீ சாட்சிக் கூண்டில் ஏறி, ஆஸ்பத்திரியில் நடந்ததையும் வீட்டில் நடந்ததையும் நடந்தபடியே சொன்னாய். அவள் தோற்றாள். இனி நம் தெருவுக்கே வரமாட்டாள் என்று நினைத்தேன்.

பல வருடம் கழித்து, வெளிநாட்டில் உழைத்து வாங்கிய வளவைத் தன் மகளுக்கு எழுத, கடைசியில் அவள் தேடி வந்தது உன்னிடம்தான். ஏன் என்று நான்தான் கேட்டேன்.

"மிஸ் எழுதின உறுதிய நானே அசைச்சுப் பாத்தன் சேர், ஏலாமப் போச்சி. என்ட புள்ளைக்கு அப்பிடி ஒண்டுதான் வேணும்" என்றாள்.

காலமெல்லாம் கணக்குப் படிப்பித்தவன் நான். ஆனாலும் பள்ளிவாசலில் புதியவர் யாராவது விசாரித்தால், "நொத்தாரிசுட மாப்புள" என்றுதான் என்னைச் சொல்கிறார்கள். நீ மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் அப்படித்தான். ஓம் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நிமிர்ந்தே நடக்கிறேன்.