களத்தில் நனைந்த வேட்டி

தை மாதம், செவ்வாய் இரவு.



போன அறுவடைத் தகராறில் பண்ணைக் காரியக்காரன் மாணிக்கம் என் இடுப்பில் தடியால் அடித்தான். மூத்திரப்பைக்குப் போகும் நரம்பு செத்துவிட்டது என்றார் தஞ்சாவூர் டாக்டர். அன்றிலிருந்து எப்போது வருகிறது என்பதே எனக்குத் தெரிவதில்லை.

இன்று களத்தில் கூலி நெல் கேட்டு எல்லோருக்கும் முன்னால் நான்தான் நின்றேன். "மரக்கால் குறையாம அளந்து விடுங்க" என்று சொல்லும்போதே கால் வழியே இறங்கிவிட்டது. எதிரே நின்றவர்களின் கண் கீழே போனதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

மாணிக்கம் சிரித்தான். "சங்கத்துத் தலைவரு பயத்துல ஒண்ணுக்குப் போயிட்டாருடா!"

எங்கள் ஆட்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வைக்கோல் உதறும் கழியைப் பிடுங்கி அவன் இடுப்பில் ஓங்கிப் போட்டேன். எங்கே அடிக்க வேண்டும் என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

குப்புற விழுந்தான். அவன் வேட்டியும் நனைந்தது. பயமா, நரம்பா? யாரும் சிரிக்கவில்லை.

"போலீசு வந்துரும், வாய்க்கா வழியா ஓடிருங்க" என்று என் மனைவி அஞ்சலை அழுகிறாள்.

ஓடலாம். மாற்று வேட்டி இன்னும் காயவில்லை.