கொம்பனுக்குப் பயம் காட்டிய சனிக்கிழமை

என் சின்னத் தம்பி சாமுவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு எழுத எத்தனையோ தரம் உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்துபோய்த் துணி துவைப்பேன். இன்று எனக்கு லீவு. திருப்பதி ஹாஸ்டலில் என் அறைப் பெண்கள் எல்லாரும் மலைக்குப் போயிருக்கிறார்கள். துவைக்கவும் ஒன்றும் மீதியில்லை.

முதலில் நல்ல சேதி. பக்கத்து வீட்டு ரமணாவுக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை கிடைத்துவிட்டது. மீசை வைத்திருக்கிறான், நீ பார்த்தால் சிரிப்பாய். நம் சித்தி மகள் ஸ்டெல்லா நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இரண்டு பேரும் என்னிடம் எல்லாம் பேசுகிறார்கள், நம் விளையாட்டைத் தவிர. நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எனக்கு இன்னும் பயம், சாமு.

அந்தப் பயத்தைத்தான் எழுதப்போகிறேன். இதை என்றைக்காவது வேறு யாராவது படித்தால் புரியவேண்டும் என்று உனக்குத் தெரிந்த சங்கதியையும் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

எண்பத்தைந்தில் அமெரிக்கா அத்தை அனுப்பிய பெட்டி நினைவிருக்கிறதா? ஸ்வெட்டர், சாக்லேட், அடியில் ஒரு மெல்லிய புத்தகம், கூடவே நாம் பார்த்தேயிராத பகடைகள். ஒன்றுக்கு எட்டு முகம், ஒன்றுக்கு இருபது முகம். பகடை என்றதும் அம்மா முகம் சுருங்கிவிட்டது. "இது பிசாசு வேலை இல்லையே?" என்று நைனாவைக் கேட்டாள். நைனா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கதை சொல்ற ஆட்டம்மா இது, காசு வைக்கிறது இல்ல" என்றார். அதோடு விட்டாள்.

கதை சொல்வது நான். நீங்கள் மூன்று பேரும் கதைக்குள் ஆளுக்கு ஒரு ஆள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று நீங்கள் சொல்வீர்கள், அது பலிக்குமா என்று பகடை சொல்லும். ரமணா நெருப்பை ஏவும் மந்திரவாதி, ஸ்டெல்லா மருத்துவச்சி. நீ கொம்பன், வாள் பிடித்தவன். சித்தூரில் அந்த வருஷம் வேறு யாராவது இப்படி ஒரு ஆட்டம் ஆடியிருப்பார்களா என்பதே சந்தேகம். வாரம் முழுக்க நான் திருப்பதி டெலிபோன் எக்சேஞ்சில் வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை பஸ் பிடித்து வந்ததும் நீங்கள் மூவரும் பாயை விரித்து வைத்திருப்பீர்கள்.

உன் உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏழாவது படிக்கும்போது உனக்குக் காய்ச்சல் வந்து முட்டி வீங்கியது. சுளுக்கு என்று நினைத்து நைனா உன்னைப் புத்தூர்க் கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே தொட்டுப் பார்த்தவர், "இது எலும்பு இல்லைங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று திருப்பி அனுப்பினார். அந்தக் காய்ச்சல் உன் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டது. அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. ஊசி போட்ட சனிக்கிழமைகளில் நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாயில் ஒருக்களித்து உட்காருவாய். எனக்குத் தாங்காது. அன்றைக்குக் கதையில் கொம்பனுக்கு ஏதாவது கிடைக்கும்.

குறி தவறாத வாள் அப்படி வந்ததுதான். ஏழு எருதின் பலம் தரும் கச்சை, அம்பு துளைக்காத சட்டை, போட்டவன் செத்தால் ஒரு தரம் எழுப்பிவிடும் மோதிரம், எல்லாமே உன் ஊசிக் கணக்கு. உனக்குக் கொடுத்ததை ஈடுகட்ட ரமணாவுக்கும் ஸ்டெல்லாவுக்கும் கொடுத்தேன். அதுமட்டுமா? புத்தகத்தை நிமிர்த்தி வைத்து, அதன் பின்னால்தான் பகடையை உருட்டுவேன். உனக்கு ஆகாத எண் விழுந்தால் ஆகிற எண்ணைச் சொல்வேன். ஒரு வருஷத்தில் உங்கள் மூவரையும் தொட எந்த எதிரியாலும் முடியாமல்போயிற்று.

மதராஸில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் கதையை முடித்துவிடவேண்டும் என்று நீ சொன்னாய். கடைசி எதிரியாக மலை உயர ராட்சசன் ஒருவனைக் கொண்டுவந்தேன். அம்மா காபி போட்டுக் கொண்டுவருவதற்குள் செத்துவிட்டான். யாரும் கை தட்டவில்லை. ரமணா பகடைகளைப் பையில் போட ஆரம்பித்தான். "அந்தேனா அக்கா, அவ்ளோதானா?" என்றான்.

மறுநாள் நான் திருப்பதிக்குக் கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டுக்கு நீயும் வந்தாய். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாய்.

"அடுத்த வாரம் அவனை ரெண்டு மடங்கு பெருசா செஞ்சுடறேன்டா" என்றேன்.

"பெருசா செஞ்சா அடிச்சிக்கினே இருக்கணும், அவ்ளோதான். பயம் வராது."

"உனக்குப் பயம் எதுக்கு?"

"நீ என்னைச் சாவ விடமாட்ட. அது எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா. தெரிஞ்ச பின்னால என்ன ஆட்டம்?" என்றாய். பஸ் வந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தரம் நிஜமா ஆடு" என்றாய்.

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே யோசனைதான். டாக்டர் நைனாவிடம் தனியாகச் சொன்னது எனக்குத் தெரியும். ஆபரேஷன் செய்தாலும் பிழைப்பான் என்று உறுதி சொல்ல முடியாது, செய்யாவிட்டால் ரொம்ப நாள் தாங்காது என்று சொல்லியிருந்தார். சின்ன ஆபரேஷன்தான் என்று உன்னிடம் சொல்வதாக நைனா, அம்மா, நான் மூன்று பேரும் பேசி முடிவு செய்திருந்தோம். அப்படிப்பட்ட உன்னைப் பாயில் உட்கார வைத்துச் சாவைக் காட்டச் சொன்னால் எப்படிக் காட்டுவது?

புதன்கிழமை எக்சேஞ்சில் என் போர்டில் மூன்று அழைப்பு விளக்கு ஒரே நேரத்தில் எரிந்தது. நான் தடுமாறுவதைப் பார்த்துப் பக்கத்து நாற்காலி சரோஜம்மா, "ரெண்டு கைதானே இருக்குது? எதை விடப்போறேன்னு முதல்ல முடிவு பண்ணு" என்று எரிந்து விழுந்தாள். அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் பலம் எல்லாம் உங்களைக் காப்பதற்கு. உங்களை அடித்துப் பயனில்லை. நீங்கள் காப்பாற்றவேண்டியவர்களை மூன்று இடத்தில் வைக்கவேண்டும். உங்கள் பலமே அவர்களுக்கு ஆபத்தாக இருக்கவேண்டும்.

ஏரிக்காரன் அப்படிப் பிறந்தான். ஒல்லியான கிழவன், கையில் ஒரு தடி. ஒரு பெரிய ஏரியின் கரையோடு தன் மூச்சைக் கட்டிப்போட்டவன். அவன்மேல் ஒரு வெட்டு விழுந்தால் கரையில் ஒரு விரிசல் விடும். கரைக்குக் கீழே மூன்று ஊர்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இனி பகடை எல்லார் கண்ணெதிரிலும் விழும் என்றேன். ஒரு டம்ளரும் பத்துப் புளியங்கொட்டையும் எடுத்து வைத்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொட்டை டம்ளரில் விழும், பத்தும் விழுந்தால் கரை உடையும். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். பகடையைப் பாயின் நடுவில் வைத்தேன்.

ரமணா வழக்கம்போல, "நெருப்பு விடறேன்" என்றான்.

"அவன் எரிஞ்சா கரை வெடிக்கும். விடறியா?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். ஒரு வருஷத்தில் அவன் கை பின்வாங்கியது அதுதான் முதல் தரம்.

ரமணா ஒரு ஊருக்கு ஓடினான், ஸ்டெல்லா இன்னொன்றுக்கு. மூன்றாவது ஊர் உன் பங்கு. எல்லாரையும் மேட்டுக்கு அனுப்பினாய். பிரசவ வலியில் கிடந்த ஒருத்தியால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. நீ கொஞ்சமும் யோசிக்காமல் மோதிரத்தைக் கழற்றி அவள் விரலில் போட்டாய். அப்போதுதான் ஏரிக்காரன் வாசலில் வந்து நின்றான். அவன் அடிக்கு நான் உருட்டினேன். இருபது. அம்பு துளைக்காத சட்டை கிழிந்தது. மறுபடி உருட்டினேன். பதினெட்டு, அடி உடம்பில் பட்டது. டம்ளரில் ஆறாவது கொட்டை விழுந்தது.

உன் முகத்தை அன்று பார்த்ததுபோல் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. உதடு வெளுத்துவிட்டது.

"ஓடறேன்" என்றாய்.

"டேய், அந்தம்மா?" என்றாள் ஸ்டெல்லா.

"ஓடறேன்னு சொன்னேன் இல்ல."

நான் ஏழாவது கொட்டையைப் போட்டேன். நீ முழங்கால் இரண்டையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு டம்ளரையே பார்த்தாய். எட்டாவதைப் போட்டேன். ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போது நீ ரொம்ப மெதுவாக, "திரும்பி வர்றேன். வாளைத் தூக்கிப் போட்டுட்டேன். கட்டிலோட அவளைத் தூக்கிக்கறேன்" என்றாய்.

முதுகில் தடியடி வாங்கிக்கொண்டே அவளை மேட்டில் சேர்த்தாய். பத்தாவது கொட்டை விழுந்தது. கரை உடைந்தது, அதோடு ஏரிக்காரனின் மூச்சும் அறுந்தது. தண்ணீர் வந்தது. நீயும் மேடேற பதினொன்றோ அதற்கு மேலோ விழவேண்டும். நீயே உருட்டினாய்.

நாலு.

பகடை பாயின் ஓரத்து மடிப்பில் கிடந்தது. சாய்ந்து நிற்கிறது, செல்லாது, இன்னொரு தரம் உருட்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீ அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாய். "விடுக்கா. நாலுதான்."

மூன்று ஊரும் பிழைத்தது. கொம்பன் போனான். ரமணா சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். அம்மா உப்புமாவோடு வந்து, "என்ன எல்லாரும் இப்படி உக்காந்துக்கினு இருக்கீங்க? துன்னுங்க" என்றாள். நீ இரண்டு தட்டு சாப்பிட்டாய்.

மறுநாள் காலை, கோயிலுக்குப் போட்டுக்கொள்ள உன் சட்டைக்கு நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையில் இருந்தாள். நீ வந்து பக்கத்தில் நின்றாய்.

"டாக்டர் நைனாகிட்ட என்ன சொன்னார்? மறைக்காம சொல்லு."

சொன்னேன். சட்டையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், உன்னைப் பார்க்கவில்லை. காலர் கருகிய வாசனை வந்தபிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன்.

"பயமா இருக்குக்கா" என்றாய்.

"வேணாம்னு சொல்லிடலாம்டா. நான் நைனாகிட்ட பேசறேன்."

"போகலன்னா இந்த மூச்சும் குறைஞ்சிக்கினே போகும், இல்ல?"

நான் தலையாட்டினேன். கருகிய சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு, பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாய். "போறேன். எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லாத" என்றாய்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். டாக்டர்கள்மேல் ஒரு குறையும் இல்லை, அவர்கள் முடிந்தவரை பார்த்தார்கள். எனக்கு மட்டும் அந்த நாலு கண்ணை விட்டுப் போகவில்லை. எக்சேஞ்சில் நம்பர் கேட்கும்போது நாலு என்று யாராவது சொன்னால் விரல் விறைத்துப்போகிறது. அன்று நான் புத்தகத்துக்குப் பின்னால் உருட்டியிருந்தால்? உன்னிடம் சொல்லாமல் இருந்திருந்தால், பயமில்லாத மனசோடு போன உடம்பு தாங்கியிருக்குமோ? இதெல்லாம் பைத்தியக்கார யோசனை என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தால் பயம் போய்விடுகிறதா?

இப்போது அம்மாவைப் பற்றி. போன வாரம் வீட்டுக்குப் போனபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடிக்காமல் அப்படியே நின்றாள். "அவனை ஏமாத்தி கூட்டிக்கினு போயிட்டோம் எஸ்தரு" என்றாள். "சின்ன ஆபரேஷன்னு சொன்னேனே, என் பேச்சை நம்பிதானே வந்தான். தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருப்பான், ஒரு ஆசை கேட்டிருப்பான். கன்னுக்குட்டி மாதிரி ஓட்டிக்கினு போயிட்டேனே."

இரண்டு வருஷமாக அவளுக்குள் இதுதான் இருந்திருக்கிறது. நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவள் பாரம் இறங்கிவிடும். சொல்லவில்லை, சாமு. சொன்னால் அடுத்து என்ன கேட்பாள் என்று தெரியும். யார் சொன்னது, ஏன் சொன்னாய், பிள்ளை பயந்தானா என்று கேட்பாள். அவள் முகம் என் பக்கம் திரும்பும் அந்த நிமிஷத்துக்குப் பயந்தேன். கறிவேப்பிலை வாங்கி வருவதாகச் சொல்லித் தெருவுக்குப் போய்விட்டேன்.

அம்மாவிடம் சொல்லாதே என்றாய். உன் பேச்சை நான் தட்டப்போகிறேன், மன்னித்துக்கொள். வரும் சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அம்மாவை உட்கார வைத்து, உன் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், நான்தான் சொன்னேன், பயந்தான், பயந்துகொண்டே தானாக முடிவு செய்து நடந்து வந்தான், நீ அவனை ஏமாற்றவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அவள் அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் போனால் அவள் பேசும்வரை பக்கத்திலேயே இருக்கிறேன். இந்தத் தடவை தெருவுக்குப் போகமாட்டேன்.

உன்னோடு பிறந்தவள்,
எஸ்தர் அக்கா