புவனா என்று ஒரு பூச்சி

நவ. 10, திங்கள்

விடியக்காலையில இருந்து நசநசன்னு மழை. நடை கட். சுகர் 148, வெறும் வயித்துல. நேத்து கல்யாண வீட்டு ஜாங்கிரிதான் காரணம்.

வேலை:
அரிசி ஊறப் போடணும்.
யூனிஃபார்ம் புடவை காயல, ஃபேனுக்கு அடியில விரிக்கணும்.
இவர் போன்ல கேமை சுத்தம் பண்ணித் தரணும்.

இவர் கண்ணாடிக்குக் காலு ஒடிஞ்சு போச்சு. கடையில குடுத்திருக்காரு, ஞாயித்துக்கிழமைதான் கிடைக்குமாம். ரோடு நல்லாத் தெரியும், ஆட்டோ ஓட்டிடுவாரு. கிட்ட இருக்கிற எழுத்துதான் தெரியாது. அதனால ஒரு வாரத்துக்கு கேம் கிடையாது. கேம்ல பிடிச்சு வெக்கிற ஐநூறு இடமும் ரொம்பிடுச்சு, ஒண்ணுக்கும் ஆவாததை எல்லாம் தூக்கிடு புவனான்னு போனை என் கையில குடுத்துட்டு ஸ்டாண்டுக்குப் போயிட்டாரு.

டாக்டர் நட நடன்னா யாரு நடக்கிறா? இந்த கேம் வந்த அப்புறம்தான் நானும் இவரும் நடக்கவே ஆரம்பிச்சோம். தெருவுல போனா போன்ல விதவிதமா ஜந்து வரும், விரலால வலையை வீசிப் பிடிக்கணும். இவர் லெவல் 38. நான் 31. சொல்லிக் காட்டாத நாள் இல்ல.

சுத்தம் பண்ணிக்கிட்டே வந்தேன். கடைசியில ஒரு பச்சைப் பூச்சி. நாலு கண்ணாடி இறக்கை, முண்டக் கண்ணு, கத்தரிக்கோல் மாதிரி முன்னங்காலு. பலம் 12. பக்கத்துத் தவளைக்கு 1840, இதுக்குப் பன்னெண்டு. அதுக்குக் கீழ இவர் வெச்சிருக்கிற பேரு: புவனா.

நான் பூச்சியா? எப்பப் பாரு காதுல ஞொய்ங்கிறேன்னு சொல்றவர்தானே. ஸ்டாண்டு பூராவும் காட்டி சிரிச்சிருப்பாரு. ‘காட்டில் விடு’ன்னு அமுக்கினேன். திரும்ப வராது, நிச்சயமான்னு கேட்டுச்சு. நிச்சயம்.

தவளையை வெச்சுக்கிட்டேன். உப்புமாவுக்கு ரெண்டு மிளகா கூடப் போட்டேன்.

நவ. 11, செவ்வாய்

மழை விட்டு விட்டு. நான் வேலை பார்க்கிற புடவைக் கடையில கார்த்திகை முகூர்த்தக் கூட்டம் ஆரம்பம். ஒன்பதரைக்கு எல்லார் போனும் லாக்கர்ல போயிடும், சாப்பாட்டு டோக்கன் அரை மணி நேரம்தான் கையில கிடைக்கும்.

சாப்பிடும்போது பட்டு செக்‌ஷன் ஜெயந்தி போனை நீட்டினா. அவளும் ஆடுறா. இன்னிலேர்ந்து ஜிவ்ராங்கிற ஜந்துவோட வாரமாம், ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். வருஷத்துக்கு ஒரு வாரம்தான் இப்படி நிறைய வரும், மத்த நாள்ல கண்ணுல படுறதே அபூர்வம், மூணு எண்ணுறதுக்குள்ள ஓடிப்போயிடும், இந்த கேம்லயே அதைவிட வேகமானது கிடையாது, பிடிச்சவங்களை சென்னையில விரல் விட்டு எண்ணிடலாம்னு சொல்லிக்கிட்டே படத்தைக் காட்டினா.

பச்சை. நாலு கண்ணாடி இறக்கை. கத்தரிக்கோல்.

பலம் கம்மியா இருக்கும்லன்னு மெல்லக் கேட்டேன். எல்லா ஜிவ்ராவுக்கும் அப்படித்தானாம். அதோட மதிப்பே வேகம்தானாம். மோர் சாதம் இறங்கல.

போன வருஷம் ஏழு மாசம் முயற்சி பண்ணி ஒண்ணைப் பிடிச்சேன்னு இவர் ஆடினது இப்பத்தான் ஞாபகம் வருது. எனக்கு அப்போ கேம் கிடையாது. ஆ அப்படியான்னு சொல்லிட்டு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன்.

சாயங்காலம் வந்தவர் ரொம்ப குஷி. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு லஸ் பக்கத்துப் பார்க்குல கேம் ஆடுறவங்க எல்லாம் கூடுறாங்களாம். அவங்கவங்க கிட்ட இருக்கிற ஒசத்தியானதைக் காட்டணுமாம். “என்னாண்ட ஒண்ணு கீது. அன்னிக்குப் பாரு, எல்லாம் வாயைப் பொளப்பானுங்க.”

சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். தோசை கருகிடுச்சு.

நவ. 12, புதன்

மழை இல்ல. சுகர் 139. நடை 9,200.

முடிவு: ஞாயித்துக்கிழமைக்குள்ள நானே ஒண்ணைப் பிடிச்சு இவர் போனுக்கு மாத்திடணும். பக்கத்துப் பக்கத்துல நின்னா ரெண்டு போனுக்கும் மாத்திக்கலாம். தண்ணி இருக்கிற இடத்துலதான் ஜிவ்ரா வரும். அஞ்சரை மணிக்கே மயிலாப்பூர் குளத்தைச் சுத்தினேன்.

மூணாவது சுத்துல வந்துச்சு. வலையை எடுக்கிறதுக்குள்ள போச்சு. அஞ்சாவது சுத்துல இன்னொண்ணு. வீசினேன், அது இருந்த இடத்துல வலை விழுந்துச்சு, அது இல்ல.

தெனம் நடக்க வர மாமி ஒருத்தர் நின்னுட்டாங்க. “என்னடி, தரையையே பாத்துண்டு சுத்தறே, எதாவது தொலைச்சுட்டியா?” ஆமா மாமின்னு சொல்லி வெச்சேன். மூக்குத்தியான்னு கேட்டாங்க. தலையாட்டித் தொலைச்சேன். பத்து நிமிஷம் மாமியும் குனிஞ்சு தேடினாங்க, பூக்காரம்மாவையும் சேர்த்துக்கிட்டாங்க. என் மூக்குல மூக்குத்தி இருக்கிறதை பூக்காரம்மாதான் முதல்ல பார்த்தாங்க. நாளையிலேர்ந்து அந்தப் பக்கம் நடக்க முடியாது.

நவ. 13, வியாழன்

எனக்கு வார லீவு. மேகமூட்டம்.

கோட்டூர்புரம் ஆத்தங்கரையில ஜிவ்ரா நிறைய வருதுன்னு ஜெயந்தி சொன்னா. பெரிய லைப்ரரிக்குப் போகணும்னு இவர்கிட்ட சொன்னேன். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்துல நான் லைப்ரரின்னு வாயால சொன்னது இதுதான் முதல் தடவை. ஒரு மாதிரி பார்த்தாரு. ஆனா சவாரியை விட்டுட்டு அவரே கூட்டிட்டுப் போனாரு.

அவருக்குத் தெரியாம தொலைச்சதைத் தேடி அவர் ஆட்டோவுலயே போறேன். எனக்கே சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

லைப்ரரி வாசல்ல ஆட்டோவை ஓரம் கட்டி காலை நீட்டித் தூங்கிட்டாரு. நான் பாலத்துப் பக்கம் ஓடினேன். நாலு வந்துச்சு. நாலும் போச்சு. ஒரு தடவை வலை அது வாலைத் தொட்டுச்சு, உதறிட்டுப் போயிடுச்சு. அப்புறம் மழை, சும்மா ஊத்து ஊத்துன்னு. முழுசா நனைஞ்சு வந்து நின்னேன். தோள்ல போட்டிருந்த துண்டை எடுத்துக் குடுத்தாரு. “இன்னா தேடற புவனா? சொன்னா நானும் தேடுவேன்ல?”

அங்கயே சொல்லியிருக்கணும். புஸ்தகம் கிடைக்கலன்னு சொன்னேன். இன்னா புஸ்தகம்னு கேட்கல. டீ வாங்கிக் குடுத்தாரு, சக்கரை இல்லாம.

நவ. 14, வெள்ளி

தலைபாரம். தும்மல் எண்ணிக்கை இல்ல. சுகர் 131, அது ஒண்ணுதான் நல்ல சேதி.

கடையில ஒரு கல்யாணக் குடும்பம், ஏழு பேர். ரெண்டரை மணி நேரத்துல எழுபது புடவை பிரிச்சுப் போட்டேன். பொண்ணு கிளிப்பச்சைன்னா, அம்மா மாம்பழக் கலர்ன்னா, ஆளாளுக்கு ஒண்ணு. பேசாம ஓரமா உக்காந்திருந்தது அத்தைக்காரி. முடிவு அவங்க கையிலதான்னு உக்காந்த உடனே தெரிஞ்சு போச்சு. அவங்க கண்ணு இங்க அங்கன்னு நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சு. பார்க்கிற இடத்துல போட்டா பிரயோஜனம் இல்ல, அதுக்குள்ள கண்ணு அடுத்ததுக்குப் போயிடும். அடுத்து எங்க பார்ப்பாங்களோ அங்க முந்தானை போய் விழணும். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி விட்டேன். அரக்கு, மயில் பார்டர். கண்ணு அதுலயே நின்னுடுச்சு. முடிஞ்சுது.

மடிக்கும்போதுதான் உறைச்சுது. பத்தொம்பது வருஷமா கையில இருக்கிற வேலையை விட்டுட்டு, ரெண்டு நாளா பூச்சி இருக்கிற இடத்துலயே வலையைப் போட்டுக்கிட்டு இருக்கேன். மண்டையில அடிச்சுக்கிட்டேன். என்னக்கான்னா ஜெயந்தி. கொசுன்னு சொன்னேன்.

நவ. 15, சனி

விடியக்காலையில சாந்தோம் கடற்கரை. நடை 11,040. படகு வந்து மீன் இறக்கிக்கிட்டு இருந்தாங்க. காத்து ஆளைத் தள்ளுது.

ஒரே ஒரு ஜிவ்ரா வந்துச்சு. அது போற பக்கமா முன்னாடியே சுண்டினேன். வலைக்குள்ள விழுந்துச்சு. விழுந்து, ரெண்டு உதறு உதறி, அறுத்துக்கிட்டு ஓடிடுச்சு. ஆனா விழுந்துச்சு. நின்ன இடத்துல ஒரு குதி குதிச்சேன்.

கூடைக்கார அக்கா ஒருத்தங்க ரொம்ப நேரமா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. “இன்னாமே, போன்லயே மீன் புடிக்கிறியா? வீட்டாண்ட கொழம்புக்கு இன்னா பண்ணுவ?” சங்கரா அரைக் கிலோ வாங்கினேன், வேற வழி?

இவருக்குக் கொழம்பு ரொம்பப் பிடிச்சுது. நாளைக்கு சாயங்காலம் இவர் முகம் எப்படி இருக்கும்னு நினைச்சுக்கிட்டே பரிமாறினேன். அத்தனை பேர் நடுவுல தேடித் தேடிப் பார்ப்பாரு. அதான் தாங்கல. நாளைக்குக் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் சொல்லிடறது. எழுதி வெச்சுட்டேன், இனிமே மாத்தக் கூடாது.

நவ. 16, ஞாயிறு

வெயில். கடையில கால் வைக்க இடமில்ல.

ஒண்ணரைக்கு டோக்கன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்ல. லாக்கர்ல போனை வாங்கிக்கிட்டு மூணு மாடி இறங்கி ரோட்டுக்கு ஓடினேன். தி.நகர்ல தண்ணிக்கு எங்க போறது? கரும்பு ஜூஸ் கடை ஓரமா நேத்து மழைத் தண்ணி தேங்கிக் கிடந்துச்சு. அங்க போய் நின்னேன். ஆளுங்க இடிச்சுக்கிட்டுப் போறாங்க, யம்மா ஓரமா நில்லும்மாங்கிறாங்க. இருபது நிமிஷம். ஒண்ணும் வரல. திரும்பலாம்னு ஒரு கால் எடுத்து வெச்சேன்.

வந்துச்சு.

இடது பக்கம், மேல, மறுபடி இடது. அத்தைக்காரி கண்ணு மாதிரியே. யோசிக்கல. கை பாட்டுக்கு சுண்டிச்சு. வலை மூடிச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. பிடிபட்டுச்சு. நான் போட்ட சத்தத்துல ஜூஸ்காரர் கிளாஸைக் கீழ போட்டுட்டாரு.

பலம் 9. இருக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை பர்மிஷன் குடுக்க மாட்டாங்க. சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷன், ஆனா பர்மிஷன் நோட்டுல காரணம் எழுதாம விட மாட்டாரு. பேனாவை வெச்சுக்கிட்டு முழிச்சேன். ‘வீட்டில் பூச்சித் தொல்லை’ன்னு எழுதினேன். படிச்சுப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. ஒரு மணி நேரம்னு கையெழுத்துப் போட்டாரு.

பஸ் கிடைக்க நேரமாச்சு. பார்க்குக்குப் போய்ச் சேர அஞ்சே கால். முப்பது பேருக்கு மேல, எல்லார் கையிலயும் போன், ஒரே சிரிப்பு. இவர் மட்டும் ஓரமா சிமெண்ட் பெஞ்சுல. மூக்குல புதுக் காலு போட்ட கண்ணாடி. போனை மடியில கவுத்து வெச்சிருந்தாரு. பார்த்துட்டாருன்னு தெரிஞ்சு போச்சு.

பக்கத்துல உக்காந்தேன். ஒரே மூச்சுல சொன்னேன். “நான்தான் அழிச்சேன். தெரியாம இல்ல, தெரிஞ்சே. என் பேரைப் போய் ஒரு பூச்சிக்கு வெச்சா கோவம் வராதா?”

கண்ணாடியைக் கழட்டி சட்டையில துடைச்சாரு. “கல்யாணம் ஆன புதுசுல பாண்டி பஜாருக்குப் போனோமே, ஞாபகம் கீதா? நீ பாட்டுக்கு முன்னாடி விர்ருன்னு பூட்ட. அரை மணி நேரம் உன்னைத் தேடிக்கினு இருந்தேன். அன்னிக்கு மாதிரி என்னை ஓட விட்டது இது ஒண்ணுதான். வேற இன்னா பேரு வெக்கிறது?”

எனக்கு மூக்கு அடைச்சுக்கிச்சு. ஜலதோஷம் மட்டும் இல்ல.

ஸ்டாண்டுல சிரிச்சாங்களான்னு கேட்டேன். யாருக்குமே காட்டலையாம். இன்னிக்குத்தான் முதல் தடவையா காட்டலாம்னு இருந்தாராம்.

என் போனை எடுத்தேன். மாத்திக் குடுக்கிறதுக்கு முன்னாடிதான் பேரு வைக்க முடியும், கை மாறினா அப்புறம் மாத்த முடியாது. நானே அடிச்சேன். அனுப்பினேன். இவர் போன் டிங்குன்னுச்சு. கண்ணாடியை மாட்டிக்கிட்டு போனைக் கிட்டக் கொண்டு போனாரு, தள்ளிப் பிடிச்சாரு, மறுபடி கிட்ட.

“புவனா.” அப்புறம் பலத்தைப் பார்த்துட்டு, “ஒம்பதுதான் கீது. அதுக்குப் பன்னெண்டு இருந்துச்சே.”

வயசாயிடுச்சுல்லன்னு சொன்னேன்.

சிரிச்சாரு பாரு, பார்க்குல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் எழுந்து ஒவ்வொருத்தர் கிட்டயா போய்க் காட்டினாரு. எங்க பிடிச்சீங்கண்ணான்னு கேட்டவங்களுக்கு எல்லாம் என்னைக் கை காட்டினாரு. தி.நகர்ல, டிராஃபிக்ல, சாப்பாட்டு நேரத்துல, ஒரே வலையில. அஞ்சு வலை, ஆறு வலை போட்டேன்னு சொல்ற பசங்க எல்லாம் வந்து என் மணிக்கட்டைப் பார்த்துட்டுப் போனாங்க.

கடைக்கு ஆட்டோவுலயே கொண்டு விட்டாரு. இருபது நிமிஷம் லேட். திட்டு வாங்கினேன், உறைக்கவே இல்ல.

நவ. 17, திங்கள்

தூறல். சுகர் 118. டாக்டர்கிட்ட காட்டணும்.

பூச்சி ஒழிஞ்சிட்டாம்மான்னு காலையில சூப்பர்வைசர் கேட்டாரு. இல்லண்ணே, வீட்டோட வந்துடுச்சுன்னு சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டுப் போனாரு.

வாங்க: மிளகுத்தூள், ஃபெனாயில், இவருக்குக் கண்ணாடிக் கூடு.

சாயங்காலம் வந்ததும் இவர் போனை நீட்டினாரு. ஞாயித்துக்கிழமை பிடிச்சதுல மறுபடி ரொம்பிடுச்சாம், வேண்டாததைத் தூக்கிடுன்னாரு. கூட உக்காந்து பார்ப்பாருன்னு நினைச்சேன். கண்ணாடியைக் கழட்டி அலமாரியில வெச்சுட்டு ஆட்டோ துடைக்க இறங்கிப் போயிட்டாரு.

நூத்திநாப்பது தூக்கினேன். தவளையும் போச்சு. புவனாவை மட்டும் மூணு தடவை திறந்து பார்த்தேன். நல்லாத்தான் இருக்கா.