பனியாற்று ஏரியில் நீ ஏறிய படகு

இன்று மெல்பேணின் புறநகரான எங்கள் நோபல் பார்க்கில் நல்ல வெயில். குசினியில் நின்று தேசிக்காய்த் தண்ணீருக்குள் ஐஸ்கட்டி போட்டேன். அது ‘படக்’கென்று வெடித்தது. உடனே நியூசிலாந்தின் அந்த ஏரிக்குப் போய்விட்டது மனம். நீ இருந்திருந்தால், “என்னடி, தனிய நிண்டு சிரிக்கிறாய்?” என்று கேட்டிருப்பாய்.

பனியாற்றைக் கையால் தொடவேண்டும் என்றுதான் நீ, சிநேகிதியான என்னையும் கூட்டிக்கொண்டு மெல்பேணிலிருந்து புறப்பட்டாய். மூச்சு வாங்க மேட்டில் ஏறிப் பார்த்தால், கீழே சாம்பல் நிற ஏரி ஒன்றுதான் கிடந்தது. பனியாறு உருகி உருகிப் பின்வாங்கி, பள்ளத்தாக்கின் அந்தத் தொங்கலில் வெள்ளைக் கீற்றாகத் தெரிந்தது.

“நாங்கள் வாறம் எண்டு கேள்விப்பட்டு ஓடிப்போட்டுது” என்றாய்.

கிட்டப் போக ஒரே வழி படகு. உன் முகம் மாறியது. அகதியாய்க் கடல்வழியாக அவுஸ்திரேலியாவுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து நீ எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. பிள்ளைகள் கெஞ்சியும் ஏறாதவள்.

“விடு, கரையில நிண்டு பாத்தாக் காணும்” என்றேன்.

நெடுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு உயிர்காப்பு அங்கியை எடுத்து மாட்டினாய். “அண்டைக்கு வேற வழியில்லாமல் ஏறினனான். இண்டைக்கு விரும்பி ஏறிறன்.”

படகு நகர்ந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தாய். விரல்கள் நொந்தன. மிதக்கும் பனிப்பாறைகளுக்கு நடுவே படகோட்டிய பெண் இயந்திரத்தை நிறுத்தி, ஒரு பனித்துண்டை அள்ளி உன்னிடம் தந்தாள். அதை நெஞ்சோடு அணைத்தபடி, குனிந்து ஏரித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாய்.

“உப்பே இல்லையடி!”

அழுதுகொண்டே சிரித்தாய். படகில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கூடவே சிரித்தார்கள்.

திரும்பும் வழியில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. அருவி கண்ட இடமெல்லாம் காரை நிறுத்தச் சொன்னாய். “குடையை விடு, நனைஞ்சாக் காயும்” என்று என்னையும் சாரலுக்குள் இழுத்துப்போனாய். மோட்டலுக்கு வந்து சேரும்போது இருவரும் நனைந்த கோழிகள்.

அதன்பிறகு நோய் உனக்கு அதிக காலம் தரவில்லை. ஆனால் உன்னை நினைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் என் கண்ணில் வருவதில்லை. அந்தச் சாரல்தான் வருகிறது.

போன கிழமை சிட்னியில், பரமட்டாவிலிருந்து நகரத்துக்கு ரயிலில் போவோம் என்றாள் என் மகள். படகில் போவோம் என்றேன்.

“ஆர் யூ ஷுவர், அம்மா? உங்களுக்கு நீந்தவே தெரியாது!”

“ஓம், தெரியாது. வா.”

உன்னிடமிருந்து எடுத்துக்கொண்ட துணிச்சல் அது. இன்னும் தீரவில்லை.